தலை, முள், தோல், குடல்: எதை எங்கே அனுப்புவது?

மீனை ஃபில்லெட் (முள் நீக்கிய சதைத்துண்டு) போடும் ஆலையில், வாங்கிய எடையில் பாதிகூடப் பெரும்பாலும் சதையாகத் தேறாது. இனத்தைப் பொறுத்து 35 முதல் 50 விழுக்காடு. சூரையை டின்னில் அடைக்கிற ஆலையிலும் ஏறக்குறைய இதே கதைதான். மிச்சமெல்லாம் தலை, நடுமுள், தோல், செதில், குடல், ஈரல், சினை என்று பின்வாசலுக்குப் போகிறது. அதற்கும் சேர்த்துத்தான் மீனுக்கு விலை கொடுத்திருக்கிறோம், ஐஸ் போட்டிருக்கிறோம், வண்டிக்கு வாடகை கட்டியிருக்கிறோம்.

இதை என்ன செய்யலாம் என்று கேட்டால் பதிலுக்குப் பஞ்சமில்லை. உரம், மீன்தூள், சைலேஜ் (அமிலம் கலந்து கரைய விட்ட தீவனக் குழம்பு), மீன் எண்ணெய், புரத ஹைட்ரோலைசேட் (நொதியால் உடைத்துக் கரைத்த புரதம்), தோலிலிருந்து எடுக்கும் புரதங்களான ஜெலட்டின், கொலாஜன். கருத்தரங்குகளில் இவற்றை ஒரு பிரமிடாக வரைந்து காட்டுவார்கள். அடியில் உரம், நடுவில் தீவனம், உச்சியில் மருந்தும் அழகுசாதனமும். மேலே போகப் போகக் கிலோவுக்கு விலை கூடும். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் உச்சிக்கு ஏறும்போது எத்தனை கிலோ மிஞ்சும், எவ்வளவு தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், வாங்குகிறவர் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்காது. முதலீடு செய்கிறவர் தடுமாறுவது அங்கேதான்.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரு ஆலையை மனதில் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 டன் மீன் வாங்குகிறது. பல இனங்கள் வந்துபோகின்றன. சில மாதம் நிரம்பி வழியும், சில மாதம் பாதி மேசை காலி. சதை போக மிஞ்சும் துணைப்பொருள் நாளுக்கு 5 டன் சொச்சம். இப்படிப்பட்ட ஆலைக்கு என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடுமுள்ளில் ஒட்டியிருக்கும் சதையை எடுக்க ஒரு இயந்திரம், தோலை உறைய வைத்து அப்படியே விற்க ஓர் ஏற்பாடு, மீதிக்குச் சைலேஜ் தொட்டி. மீன்தூள் ஆலையோ கொலாஜன் ஆலையோ சொந்தமாகக் கட்ட வேண்டாம்.

முதலில் கூடை

எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்தாலும் வெட்டுகிற மேசைக்குக் கீழே இருக்கும் கூடைதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஒரே கூடையில் எல்லாவற்றையும் தள்ளும் ஆலையைப் பாருங்கள். குடலோடு பித்தப்பை உடைந்து பச்சை நீர் நடுமுள் மேல் வடிகிறது. செவுளின் ரத்தம் தோலில் ஊறுகிறது. குடலில் இருக்கும் செரிமான நொதிகளுக்கு மீன் செத்துவிட்டது தெரியாது, பக்கத்தில் கிடக்கும் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். அறை வெப்பம் 30 டிகிரி என்றால் சில மணி நேரத்திலேயே அந்தக் கூடை உணவுத் தரத்தை இழந்து தீவனத் தரத்துக்கு இறங்கிவிடும், இன்னும் விட்டால் உரத்துக்கு.

அதே மேசையில் நடுமுள்ளுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று என நான்கு கூடை வைத்து, குடல் தவிர மற்ற மூன்றிலும் ஐஸ் போட்டால் செலவு சொற்பம்தான். மேசையில் நிற்பவர்களின் கைப்பழக்கத்தை மாற்றுவதுதான் சிரமம். அவர்களுக்கு ஃபில்லெட் எடைக்கு மட்டுமே கூலி என்றால் கூடைகள் ஒருநாளும் ஒழுங்காக இருக்காது. கூலிக் கணக்கில் கூடையையும் சேர்க்க வேண்டும்.

சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1069/2009 விதிமுறை விலங்குத் துணைப்பொருள்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஒரு பொருள் ஒருமுறை உணவுச் சங்கிலியை விட்டு அந்தப் பக்கம் போய்விட்டால் திரும்ப மனித உணவாக வர முடியாது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற இனங்களில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளின் சிக்கலும் உண்டு. மீன் சூட்டில் கிடக்கும்போது உருவாகும் ஹிஸ்டமினைச் சமைத்தாலும் போக்க முடியாது, உறைய வைத்தாலும் போக்க முடியாது. தீவனத்துக்குத்தானே என்று விட்டாலும் தப்பவில்லை: ஹிஸ்டமின் ஏறிய மூலப்பொருளை மீன்தூளாக உலர்த்தும்போது அதிக வெப்பத்தில் கிஸரோசின் என்ற நச்சு உருவாகி, தின்ற கோழியின் இரைப்பையை அரிக்கிறது.

ஒட்டியிருக்கும் சதை

ஃபில்லெட் எடுத்த நடுமுள் மீனின் எடையில் பத்தில் ஒரு பங்கு சுமாருக்கு வரும். துளையிட்ட உருளையும் அதை அழுத்தும் பட்டையும் கொண்ட எலும்பு பிரிப்பான், அதில் பாதியளவு சதையை மின்ஸாக (அரைத்த சதையாக) வழித்தெடுத்துவிடும். நம் 10 டன் ஆலையில் நாளுக்கு 500 கிலோ உணவுத் தரச் சதை. மீன் உருண்டை, பர்கர், விரல்துண்டு செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். புதிய சந்தை தேட வேண்டியதில்லை, வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஃபில்லெட்டை உறைய வைக்கும் அதே தட்டு உறைவிப்பான் போதும்.

கவனிக்க வேண்டியது முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புக் கோடு. அது சிறுநீரகமும் ரத்தமும். அதைச் சுரண்டி எடுக்காமல் இயந்திரத்தில் போட்டால் மின்ஸ் சாம்பல் நிறமாகும். ரத்தத்தின் இரும்பு கொழுப்பைச் சீக்கிரம் சிக்கடிக்க வைக்கும். எப்படிச் செய்தாலும் மின்ஸின் உறைபதன ஆயுள் முழு ஃபில்லெட்டைவிடக் குறைவுதான், அரைபட்டதால் காற்று படும் பரப்பு கூடிவிட்டது. கொழுப்பு மிகுந்த இனங்களுக்கு இந்த வழி அவ்வளவாக ஒத்துவராது. வெண்சதை மீனுக்கு இதைவிட விரைவாகப் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் வழி எனக்குத் தெரியவில்லை.

மீன்தூளா, சைலேஜா

தலையும் குடலும் சுத்தமாக வழித்த முள்ளும் மிஞ்சுகின்றன. எடையில் பெரும்பகுதி இதுதான். ஆலைக்காரர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய உண்மையான தேர்வும் இதுதான்.

மீன்தூளின் பலம் சந்தை. உலகம் முழுக்க வாங்குவார்கள். 2023இல் பெரு தன் முதல் நெத்திலிப் பருவத்தை எல் நினோ (பசிபிக் கடல் சூடேறும் நிகழ்வு) காரணமாக ரத்து செய்தபோது உலகச் சந்தையே விலையேறியது. முழு மீனைப் பிடித்துத் தூளாக்குவது குறைந்து, துணைப்பொருளிலிருந்து வரும் பங்கு கூடிக்கொண்டே போகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் உலக மீன்தூளில் மூன்றில் ஒரு பங்கும், மீன் எண்ணெயில் ஏறத்தாழ பாதியும் இப்போது துணைப்பொருளிலிருந்தே வருகின்றன. ஆக, பொருளுக்குத் தேவை இருக்கிறது.

இடிப்பது அளவு. வேகவை, பிழி, பிழிந்த நீரிலிருந்து எண்ணெயைப் பிரி, மீதி நீரைச் சுண்டவை, பிண்ணாக்கோடு சேர்த்து உலர்த்து, அரை. இத்தனைக்கும் பிறகு 5 டன் கழிவிலிருந்து கிடைப்பது சுமார் 1 டன் தூள். மற்றது பெரும்பாலும் தண்ணீர், அதை விரட்ட எரிபொருள். கொதிகலன், ஆவியாக்கி, உலர்த்தி, நாற்றத்தைக் கழுவும் கோபுரம் ஆகிய நான்கும் ஒரு டன்னுக்கும் வேண்டும், ஐம்பது டன்னுக்கும் வேண்டும். அதனால்தான் மீன்தூள் ஆலைகள் நாளுக்குப் பல பத்து டன், சில இடங்களில் பல நூறு டன் என்று ஓடுகின்றன. சின்ன ஆலைக்காரர் என்ன செய்வார்? ஆவியாக்கியை விட்டுவிடுவார். பிழிந்த நீர் சாக்கடைக்குப் போகும். புரதத்தில் கணிசமான பங்கு அந்த நீரில் கரைந்துதான் இருக்கிறது. விற்க வேண்டியதைக் கொட்டிவிட்டு, கொட்டியதற்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவையும் ஏற்கிறார்.

தரத்திலும் ஒரு படி இறக்கம் உண்டு. முழு மீன் தூளில் புரதம் 65 முதல் 70 விழுக்காடு. தலையும் முள்ளுமாகப் போட்டால் சாம்பல் சத்து ஏறி, புரதம் 50 முதல் 60க்குள் நின்றுவிடும். விலையும் அதற்கேற்றதுதான். மூட்டை கட்டிய பிறகும் நிம்மதி இல்லை. அதன் கொழுப்பு காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறும், தீப்பிடித்த கதைகளும் உண்டு. கடல்வழி ஆபத்தான சரக்கு விதிகளில் மீன்தூளுக்குத் தனி எண்ணே இருக்கிறது: நிலைப்படுத்தியதற்கு ஐ.நா. எண் 2216, நிலைப்படுத்தாததற்கு 1374. நிலைப்படுத்தக் காலங்காலமாகப் பயன்பட்ட எதாக்சிக்வினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அனுமதியை நிறுத்திவைத்தது. அந்தச் சந்தைக்குப் போகிறவர்கள் வேறு பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று.

சைலேஜ் இதற்கு நேர் எதிர்த் திசை. கழிவை 10 மில்லிமீட்டருக்குள் அரைத்து, எடையில் 2 முதல் 3 விழுக்காடு ஃபார்மிக் அமிலம் கலந்து, பிஎச் 4க்குக் கீழே இறக்கினால் கெடுக்கும் பாக்டீரியா அடங்கிவிடும். மீனின் சொந்த நொதிகள் மட்டும் வேலையைத் தொடரும். சூடான ஊரில் இரண்டு மூன்று நாளில் குவியல் குழம்பாகிவிடும். 5 டன்னுக்கு 100 முதல் 150 கிலோ அமிலம், ஓர் அரவை இயந்திரம், பிளாஸ்டிக் தொட்டி, சுற்றிவிட ஒரு பம்பு. கொதிகலன் இல்லை, புகைபோக்கி இல்லை. மீன் வராத மாதத்தில் தொட்டி சும்மா கிடந்தால் நட்டம் ஏதும் ஏறாது. வேலையில்லாமல் நிற்கும் கொதிகலனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். (அமிலத்தால் பசுந்தீவனத்தைப் பதப்படுத்தும் முறைக்காக ஃபின்லாந்தின் விர்ட்டானென் 1945இல் வேதியியல் நோபல் பெற்றார். மீன் சைலேஜ் அந்த வழி வந்த பிள்ளை.)

சைலேஜ் எளிதுதான், ஆனால் அசட்டையாகச் செய்யக்கூடியதில்லை. தொட்டியின் மேற்பரப்பில் காகிதத்தை நனைத்துப் பார்த்தால் பிஎச் 3.8 காட்டும். அடியில், மூலையில், அமிலம் எட்டாத ஒரு திட்டு அழுகிக்கொண்டிருக்கலாம். ஆகவே மேல், நடு, அடி மூன்றிலும் மாதிரி எடுக்க வேண்டும். மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும், ஏனென்றால் முள்ளிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையக் கரைய அமிலத்தை விழுங்கி பிஎச்சை மேலே தள்ளும். தலையும் முள்ளும் அதிகமுள்ள குவியலுக்கு அமிலம் கூடுதலாகவே கேட்கும். குடலே இல்லாமல் வெறும் தலையைப் போட்டால் நொதி போதாமல் கரையவே கரையாது. நாலாவது கூடை இங்கேதான் உதவுகிறது. நன்றாக வந்த சைலேஜ் லேசாகப் புளித்த, முளைகட்டிய தானிய வாடை அடிக்கும். அழுகல் நாற்றம் வந்தால் எங்கோ தப்பு.

ஃபார்மிக் அமிலம் தோலைப் பொசுக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாதவரைப் பக்கத்தில் விடாதீர்கள். இரும்புத் தொட்டியை அரித்துவிடும். அதைவிட முக்கியமானது: மீன் கழிவுத் தொட்டிக்குள் கழுவுவதற்கென்று ஆளை இறக்கவே கூடாது. அழுகிய திட்டிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும்.

சைலேஜின் உண்மையான பலவீனம் எடை. ஐந்து டன் போட்டால் ஐந்து டன்தான் வெளியே வரும், அதில் முக்கால்வாசி தண்ணீர். தண்ணீரை நெடுந்தூரம் ஏற்றிச் செல்ல யாருக்கும் கட்டுப்படியாகாது. பக்கத்திலேயே பன்றி, கோழி அல்லது மீன் வளர்ப்புப் பண்ணைகள் வேண்டும். எண்ணெயைப் பிரித்தெடுக்காமல் கொடுத்தால் இறைச்சியிலும் முட்டையிலும் மீன்வாடை ஏறும். மொத்தத் தீவனத்தில் மீன் கொழுப்பு 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. நெடுநாள் வைத்தால் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் குறைந்துபோகும். நார்வேயில் இதைப் பெரிய அளவில் தீர்த்திருக்கிறார்கள்: கரையோர ஆலைகளும் பண்ணைகளும் சைலேஜாக மாற்றித் தொட்டியில் வைக்கின்றன, கப்பல் வந்து சேகரிக்கிறது, ஓர் இடத்தில் சுண்டவைத்துத் தீவனத்துக்குப் போகிறது. சின்ன ஆலைகள் ஐந்தாறு சேர்ந்தால் இந்த மாதிரியை வண்டியில் செய்யலாம். ஒரே ஆலையாக நின்று ஆவியாக்கி வாங்குவதைவிட அது நல்லது.

ஹைட்ரோலைசேட்

சைலேஜ் தொட்டியில் மூன்று நாளில் நடப்பதை இங்கே மூன்று மணி நேரத்தில் நடத்துகிறோம். 50 முதல் 60 டிகிரியில் அல்கலேஸ் போன்ற, கடையில் கிடைக்கும் நொதியைச் சேர்த்து, சரியான நேரத்தில் 90 டிகிரிக்கு ஏற்றி நொதியை நிறுத்தி, முள்ளையும் எண்ணெயையும் பிரித்து, கரைசலைத் தெளித்து உலர்த்தினால் 80 விழுக்காட்டுக்கு மேல் புரதமுள்ள தூள் கிடைக்கும். இறால் குஞ்சு, மீன் குஞ்சுத் தீவனம், செல்லப்பிராணி உணவுக்குச் சுவையூட்டி, ஊட்டச்சத்து மாவு என்று நல்ல சந்தை உண்டு.

நம் 5 டன்னிலிருந்து 500 கிலோ தூள் எதிர்பார்க்கலாம். அதற்காகச் சேர்த்த நீரும் மீனில் இருந்த நீருமாக 8 டன்னுக்கு மேல் ஆவியாக்க வேண்டியிருக்கும். மீன்தூளில் பார்த்த எரிபொருள் பிரச்சினை இங்கே இரட்டிப்பு. புரதத்தை வெட்ட வெட்டக் கசப்பு ஏறுவது இன்னொரு தொல்லை, நீரை வெறுக்கும் சிறு பெப்டைடுகள் (புரதத் துண்டுகள்) தான் காரணம். எங்கே நிறுத்துவது என்பது இனத்துக்கு இனம் மாறும், மீன் எவ்வளவு புதிது என்பதைப் பொறுத்தும் மாறும். தினம் ஒரே இனம், ஒரே அளவு வருகிற வளர்ப்பு மீன் ஆலைகளுக்கு இது படிந்துவிடுகிறது. இன்று ஒன்று நாளை வேறொன்று என்று வாங்குகிற ஆலை, ஒவ்வொரு நாளும் வேறு சரக்கைத் தயாரித்து ஒரே பெயரில் விற்க வேண்டியிருக்கும். வாங்குகிறவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

தோலின் மயக்கம்

கொலாஜன் என்றதும் கண்கள் விரியும். ஐஸ்லாந்தின் கெரெசிஸ் நிறுவனம் காட் மீன் தோலை ஆறாத புண்ணுக்கு ஒட்டும் மருந்துப்பொருளாக்கியது. 2013இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி. 2023இல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் 130 கோடி டாலர் வரையிலான விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் திலாப்பியா தோலைத் தீக்காயத்துக்குப் போட்டு ஆய்வு செய்தார்கள். இந்தக் கதைகளைக் கேட்டுத் தோல் ஆலை கட்டக் கிளம்புகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த நூறு கோடிகளில் தோலின் விலை கடுகளவு. மற்றதெல்லாம் மருத்துவ ஆய்வு, காப்புரிமை, மருத்துவமனை வரைக்கும் கட்டிய விற்பனை வலை.

நம் ஆலையில் நாளுக்கு 10 டன் மீனிலிருந்து தோல் 400 கிலோ சுற்றி வரும். காரத்தில் ஊறவைத்து, அமிலத்தில் ஊறவைத்து, நொதியால் உடைத்து, வடிகட்டி, உலர்த்தி முடித்தால் 50 கிலோ பெப்டைடு தேறலாம். அந்த 50 கிலோவுக்காக அமிலமும் உப்பும் ஏறிய நீர் டன் கணக்கில் வெளியேறும். கன உலோகம், நுண்ணுயிர், மூலக்கூறு எடை என்று ஒவ்வொரு தொகுப்புக்கும் சோதனைச் சான்று. வாங்குகிறவர் ஆலையைத் தணிக்கை செய்ய வருவார். ஜெலட்டினாக நிறுத்திக்கொள்ளலாம் என்றால் அங்கே இனம் குறுக்கே வரும். குளிர்நீர் மீனின் கொலாஜனில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் குறைவு, அதனால் காட் ஜெலட்டின் 10 டிகிரிக்குக் கீழேதான் உறையும். திலாப்பியா போன்ற வெப்பநீர் மீனின் ஜெலட்டின் மாட்டு ஜெலட்டினுக்கு ஓரளவு அருகில் வரும். பன்றி, மாடு இரண்டையும் தவிர்க்கிறவர்களிடம் மீன் ஜெலட்டினுக்கு நிலையான தேவை இருக்கிறது, அதில் ஐயமில்லை.

ஆனால் அதைச் செய்ய ஏற்கெனவே ஆலை வைத்திருப்பவர்கள் நல்ல தோலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரே இனம், சதை வழித்தது, கழுவியது, வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் உறைந்தது, தேதி எழுதிய கட்டி: இந்த ஐந்தும் இருந்தால் தோல் கழிவுக் கணக்கிலிருந்து வரவுக் கணக்குக்கு மாறிவிடும். லாபத்தின் பெரும்பங்கு அவருக்குப் போகிறதே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. அபாயத்தின் பெரும்பங்கும் அவரிடம்தானே போகிறது. காற்றுப்பைக்கும் இதே கணக்குத்தான்: பெரிய இனங்களில் அதைக் கவனமாக எடுத்து ரத்தம் போகக் கழுவி உலர்த்தினால், சில நேரம் சதையைவிட அதிக விலைக்குப் போகும்.

சூரைத் தலையின் எண்ணெய்க்கும் ஒரு வார்த்தை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலம் நிறைய இருக்கிறது. மனித உணவுக்கு விற்க வேண்டுமானால் ஆக்சிஜனேற்ற அளவான டோடாக்ஸ் 26க்குள் இருக்க வேண்டும் என்பது ஒமேகா-3 தொழில்துறையின் கட்டுப்பாடு. தலை மாலை வரை வெயிலில் கிடந்தால் அந்த அளவைத் திரும்ப இறக்குவது எளிதல்ல.

உச்சிக்குப் போகாமலும்

உயர்தொழில்நுட்பம்தான் பணம் என்பதற்கு நல்ல மறுப்பு ஐஸ்லாந்திலேயே இருக்கிறது. அங்கே காட் தலைகளைப் புவிவெப்ப ஆவியின் சூட்டில் உலர்த்தி நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். பல பத்தாண்டு வணிகம். வெட்டு, உலர்த்து, மூட்டை கட்டு, அவ்வளவுதான். எரிபொருள் ஏறக்குறைய இலவசம், வாங்குகிறவருக்கு அந்தச் சுவை வேண்டும். 2015-16இல் நைஜீரியாவில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது இதே வணிகம் ஆட்டம் கண்டது. ஒற்றைச் சந்தையை நம்பினால் இப்படித்தான்.

எரிவாயுவும் மட்கு உரமும் கடைசிப் புகலிடம். மீன் கழிவில் நைட்ரஜன் மிகுதி. தனியாகப் போட்டால் அம்மோனியா ஏறி எரிவாயுக் கலன் செத்துவிடும். மரத்தூளோ பயிர்க்கழிவோ கலந்தால்தான் நடக்கும். கெட்டுப்போன சரக்குக்கு இது சரி, நல்ல சரக்கை இதில் போடுவது வீண்.

இறால் ஆலைகளுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது. அங்கே தலையும் ஓடுமாக எடையில் 40 முதல் 50 விழுக்காடு போகிறது, அதற்கு இயல்பான வழி ஓட்டிலிருந்து எடுக்கும் நார்ப்பொருளான கைட்டின், அதிலிருந்து வரும் கைட்டோசான். அமிலத்தால் சுண்ணாம்பை நீக்கி, காரத்தால் புரதத்தை நீக்கி, மீண்டும் 40 முதல் 50 விழுக்காடு அடர்காரத்தில் கொதிக்க வைக்க வேண்டும். கழிவுநீரைச் சமாளிக்க வசதியில்லாதவர் ஓட்டைக் காயவைத்துக் கைட்டின் ஆலைக்கு விற்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மீன் ஆலையில் என் பரிந்துரை மாறும் இடங்கள் இரண்டு. ஆண்டு முழுக்க ஒரே இனம், நாளுக்கு 50 டன்னுக்கு மேல் துணைப்பொருள் என்றால் ஹைட்ரோலைசேட்டுக்கோ ஆவியாக்கியோடு கூடிய மீன்தூள் ஆலைக்கோ கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கட்டுப்படியாகக்கூடும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் வேறொருவரின் மீன்தூள் ஆலை இருந்தால் சைலேஜ் தொட்டிகூட வேண்டாம். தலையையும் குடலையும் ஐஸ் போட்டு அன்றன்றைக்கே ஏற்றிவிடுங்கள், விலையை எடைக்கு மட்டும் பேசாமல், சரக்கு எவ்வளவு புதிது என்ற சோதனைக்கும் சேர்த்துப் பேசுங்கள்.